சிவப்பு நூல் கட்டிய பை

கோயம்புத்தூர்
5-7-1987

அன்புள்ள தைலம்மா அக்காவுக்கு,

அன்புச்செல்வன் எழுதுவது. நலம். நீயும் மாமாவும் நலமா? மாமா இன்னும் கூட்டம் கூட்டம் என்று சங்கராபுரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் அலைந்துகொண்டுதான் இருக்கிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் தேதி சேலம் பஸ்ஸில் இரண்டு துணிப்பைகள் அனுப்புகிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் மாமா வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இடஒதுக்கீடு பற்றிப் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது. பையில் இருப்பது உயிருள்ள சரக்கு.

ஐந்து வருஷத்துக்கு முன் மாமாவோடு கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலைப் பக்கம் ஒரு சாமைக்கொல்லையில் மண் எடுத்து வந்தேனே, நினைவிருக்கிறதா? டிபன் பாக்ஸில் மண்ணைக் கொண்டுபோகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாய். அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவைத்தான் இங்கே பிரித்து வளர்த்திருக்கிறேன். வேரோடு ஒட்டிக்கொண்டு வாழும். வேரை அழுக வைக்கும் பூஞ்சையைக் கிட்டே அண்ட விடாது. ஏதோ ஒன்றைச் சுரந்து வேரையும் நீளமாக ஓட வைக்கிறது. இங்கே நிலக்கடலை என்கிறார்கள், நமக்கு மல்லாட்டை. தொட்டியில் வளர்த்தபோது நூறு செடிக்கு நாற்பது அழுகிய இடத்தில் இது ஐந்தாகக் குறைத்தது. வருஷா வருஷம் நம் பக்கத்தில் பாதிக் கொல்லை கருகிப் போகிறதே, அதற்கு மருந்து நம் மலையிலேயே கிடக்கிறது.

ஆனால் தொட்டியில் ஜெயித்தால் போதாது, வயலில் காட்ட வேண்டும். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் இன்னும் தற்காலிகம்தான் என்பதால் இயக்குநர் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுமதி கொடுத்தார். நம் ஊரைக் கேட்டு வாங்கினேன். ஜெயித்தால் இது விவசாயிகள் கைக்குப் போகும், எனக்கும் வேலை நிரந்தரமாகும். தோற்றால் என்னையும் அந்த பாக்டீரியாவையும் சேர்த்து வெளியே போடுவார்கள்.

சிவப்பு நூல் கட்டிய பை உன் கொல்லைக்கு. வெள்ளை நூல் கட்டியது பக்கத்துக் கொல்லை சேவியர்ராஜுக்கு. ஒன்றில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூளோடு பாக்டீரியா கலந்திருக்கிறது. இன்னொன்றில் வேகவைத்த வெறும் தூள். அப்படி வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். எது எது என்று சீட்டுக் குலுக்கி, உறையில் போட்டு, இயக்குநர் மேஜையில் வைத்தாகிவிட்டது. எனக்கே தெரியாது.

அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்து. கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடு பட்டால் அத்தனையும் செத்துவிடும். இந்த வருஷம் மருந்துத் தூள் எதுவும் சேர்க்கக் கூடாது.

ஒன்று மட்டும் அக்கா. சிவப்பு உனக்கு, வெள்ளை அவனுக்கு. இதில் மட்டும் உன் மூளையைப் பயன்படுத்தாதே.

தம்பி
அன்பு

24-7-1987

தம்பி அன்புவுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

பைகள் வந்தன. மாமா துண்டை நனைத்து மேலே போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்று எடுத்து வருகிற மாதிரி ஊரே பார்த்தது.

மூளையைப் பயன்படுத்தாதே என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராமல் வாத்தியாரிடம் அடி வாங்கி அழுதாயே, அப்போது உதவிய மூளைதான் இது. இருக்கட்டும், நீ படித்தவன்.

ஒன்று கேட்கிறேன். கிழக்கே நம் பங்காளி கந்தசாமியின் கொல்லை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எதற்கு சேவியர்ராஜ்? மாமா கேட்டார்: "அவங்களுக்குத்தான் சர்க்காரு எல்லாம் எழுதி வச்சிக்கினு இருக்குது. இப்ப உன் தம்பியும் எழுதி வைக்கிறானா? நம்ம ஜனம் இன்னா கம்மியா போச்சி?" ஊருக்கு நல்லவன் என்று பேர் வாங்குவதில் உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை.

இரண்டு பையும் மூன்று நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தன. போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

நாலாம் நாள் சேவியர்ராஜ் கொல்லைப்புறமாக வந்து நின்று அவன் பையை வாங்கிக்கொண்டான். "இன்னாம்மா, நெசமாவே இதுல உசுரு இருக்குதா?" என்றான். என் தம்பியைக் கேள் என்றேன். அவன் பெண்டாட்டி உபகாரமேரி மாசமாக இருக்கிறாள். மூன்று முறை தங்காமல் போய் இது நாலாவது. அவள் கஞ்சி காய்ச்சி வைக்க, அவன் விரலை விட்டு விட்டுப் பார்த்து அரை நாள் ஆற வைத்தானாம்.

ஆடி நாலாம் தேதி இரண்டு கொல்லையிலும் விதைத்தாயிற்று. நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது என்று உன் நோட்டில் எழுதிக்கொள்.

தைலம்மாள்

கோயம்புத்தூர்
20-8-1987

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பது நாள் ஆகியிருக்கும். இனிமேல்தான் அழுகல் காட்ட ஆரம்பிக்கும். ஒவ்வொரு கொல்லையிலும் நூறு செடி எண்ணி, எத்தனை வாடியிருக்கிறது என்று எழுது. மாமாவை எண்ணச் சொல்லாதே, அவர் சட்டசபை சீட்டை எண்ணிவிடுவார். நீயே எண்ணு. நம் கொல்லை நன்றாக இருக்கும் என்று என் மனசு சொல்கிறது.

அன்பு

8-9-1987

தம்பிக்கு,

எண்ணினேன். நம் கொல்லையில் நூற்றுக்கு முப்பத்தாறு. சேவியர்ராஜ் கொல்லையில் நூற்றுக்கு மூன்று. நம்பாமல் திரும்பவும் எண்ணினேன், மூன்றுதான். அவன் செடி கரும்பச்சையாகப் படர்ந்து கிடக்கிறது. நம் செடியைத் தொட்டால் கையோடு வருகிறது, அடியில் வேர் கறுத்துப் போயிருக்கிறது.

சிவப்பு நூல் பையில் என்ன இருந்தது? உனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதே.

தைலம்மாள்

கோயம்புத்தூர்
13-9-1987

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் குலுக்கவே இல்லை. உயிர் இருந்தது சிவப்பில்தான். நானே எழுதி உறையில் போட்டேன். போன வருஷம் உன் கொல்லை பாதி போனதைப் பார்த்தவன் நான். கையில் மருந்தை வைத்துக்கொண்டு உனக்கு வெறும் தூளைக் கொடுக்க மனசு வரவில்லை. சேவியர்ராஜுக்கு வெறும் தூள் போகும் என்று தெரிந்துதான் செய்தேன். தப்புதான்.

இப்போது பார்த்தால் உயிர் போட்ட இடத்தில் முப்பத்தாறு, வெறும் தூள் போட்ட இடத்தில் மூன்று. அப்படியானால் இந்த பாக்டீரியா வேரைக் காப்பாற்றவில்லை, கெடுக்கிறது. நான் தொட்டியில் பார்த்ததெல்லாம் என் ஆசைக்குப் பார்த்ததா?

இருபத்தைந்தாம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குள் யோசித்துச் சொல். கஞ்சி சூடாக இருந்ததா? மாமா ஏதாவது மருந்து கலந்தாரா? என்ன நடந்திருந்தாலும் எழுது, கோபிக்க மாட்டேன். உடனே எழுது.

அன்பு

28-9-1987

தம்பிக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் சேர்த்திருக்கலாம். எழுதவில்லை. வீம்பு, வேறு என்ன. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். விடிந்தபோது இடஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, தபால் இல்லை.

வெட்டியதில் மாமாவும் ஒருவர். உனக்காகத்தான் என்றார். "ஆறு வருசமா அவன தற்காலிகம் தற்காலிகம்னே வச்சிக்கினு இருக்கானுங்க. நம்ம ஜனத்துக்குன்னு தனியா எடம் இருந்தா இப்பிடி நடக்குமா?" அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் தேதி உபகாரமேரிக்கு நாள் ஆவதற்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. சேவியர்ராஜ் மாட்டுவண்டி கட்டி அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மரம் கிடந்த இடத்தில் மாமா நின்றிருந்தார். சேவியர்ராஜ் காலில் விழுந்தான். "மரத்த ஓரமா தள்ளுங்கய்யா, நானே திரும்ப இழுத்துப் போட்டுடறேன்" என்றான். மாமா சொன்னது: "ஒரு வண்டிய வுட்டா பின்னாலயே நூறு வண்டி வரும். திருப்பு."

நான் ஆட்களுக்குச் சோற்றுத் தூக்கோடு அங்கேயேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாரும் பார்க்கப் புருஷனை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நின்றேன் என்று இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வண்டி வயல்வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. ஆண் குழந்தை, பிறக்கும்போதே மூச்சு இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

இருபத்துநாலாம் தேதி மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடலூர் ஜெயிலில் இருக்கிறார்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். கஞ்சி ஆறித்தான் இருந்தது. மருந்து எதுவும் கலக்கவில்லை. நூலை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். நீ சீட்டுக் குலுக்கியதாக எழுதியதை நான் நம்பவில்லை. நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு எங்களை ஏமாற்றுகிறாய் என்று நினைத்தேன். உன் சிவப்பு நூல் பை சேவியர்ராஜ் கொல்லைக்குப் போனது. வெறும் தூளை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

உன் பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது. வந்து பார், சேவியர்ராஜ் கொல்லையில்.

தைலம்மாள்

கோயம்புத்தூர்
6-10-1987

அக்காவுக்கு,

உன் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. இருபத்தைந்தாம் தேதியே அறிக்கை கொடுத்துவிட்டேன். வயலில் பயன் தரவில்லை, தீங்கு செய்வதாகத் தோன்றுகிறது என்று என் கையாலேயே எழுதினேன். தீங்கு என்று எழுதியதால் ஒன்றையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். எல்லாக் கண்ணாடிக் குழாயையும் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் பெரிய பாத்திரத்தில் போட்டு வேக வைத்துக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அடுப்பைப் பற்ற வைத்ததும் நான்தான். ஐந்து வருஷம் அக்கா! பதினாறாம் தேதியே நீ எழுதியிருந்தால் போதும்.

உன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை எழுதினால் காகிதம் தாங்காது. உனக்காகப் பொய் சொன்னேன். நீ அந்தப் பொய்யைக்கூட நம்பவில்லை. கூடப் பிறந்தவன் உனக்கு நல்லது செய்வான் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? சர்க்கார் எல்லாம் அவங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது என்றாராம் மாமா. சேவியர்ராஜின் தாத்தா ஞானஸ்நானம் வாங்கிய அன்றைக்கே தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் போய்விட்டது. நாம் நிற்கிற பிற்பட்டோர் வரிசையில்தான் அவனும் நிற்கிறான், நமக்குப் பின்னால். இது மாமாவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

குழந்தை விஷயத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது ஒரே ஒரு வழி இருக்கிறது. பைகள் மாறிவிட்டன என்று நான் வாயால் சொன்னால் இயக்குநர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த பாக்டீரியாவை உயிரோடு காட்ட வேண்டும். வெள்ளிமலைச் சரிவில் ரோடு போட்டு மண்ணெல்லாம் வாரிவிட்டார்கள் என்று மாமா பொங்கலுக்கே சொன்னார். இனி உலகத்தில் அது இருக்கிற ஒரே இடம் சேவியர்ராஜின் மல்லாட்டை வேர். அவன் செடி பிடுங்கிக் காய வைத்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. பத்துச் செடியை வேரோடும் மண்ணோடும் தோண்டி, ஈரத்துணியில் சுற்றி, வாழைச்சருகில் கட்டி அனுப்பு.

அவனிடம் கேட்டு வாங்கு. திருடாதே. இந்த ஒரு தடவையாவது.

அன்பு

30-10-1987

தம்பிக்கு,

போனேன். அவர்கள் வீட்டு வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை. முப்பது வருஷம் பக்கத்துக் கொல்லை.

உபகாரமேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சேவியர்ராஜ் எழுந்து துண்டைத் தோளிலிருந்து இறக்கினான். வேண்டாம், உட்கார் என்றேன். உட்காரவில்லை.

பத்துச் செடி வேண்டும், தம்பி கேட்கிறான் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி கேட்டா குடுக்காம இருப்பனா? இத்தினி வருசத்துல எனக்குன்னு நெனச்சி ஒருத்தரு குடுத்தது அது ஒண்ணுதாம்மா. மேரிகிட்ட சொல்லிக்கினே இருப்பேன், அவங்க வூட்ல அந்த ஒரு புள்ள நல்ல புள்ளன்னு." சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தான்.

பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். உனக்கு உன் பாக்டீரியா கிடைத்திருக்கும். என்னால் முடியவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது போதும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உயிர் இருந்த பை எனக்கு என்று நீ வைத்தது, அவனுக்கு வெறும் தூள் அனுப்பியது, நான் சந்தேகப்பட்டு மாற்றியது, எல்லாம்.

எடுத்த மண்வெட்டியைத் திரும்பச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப உங்க தம்பி எனக்கு வெறும் கரிதான் குடுத்தாரு. உங்க வூட்டுக்காரரு வண்டிய வுடல. உங்க வூட்ல எனக்கு நல்லது செஞ்சது நீங்க ஒருத்தருதான். அதுவும் திருடப் போயி."

நான் திரும்பி நடந்தேன். "இருங்கம்மா. தரமாட்டேன்னு சொல்லல. அவருக்குத்தானே வேணும்? அவரே வந்து என்கிட்ட கேக்கட்டும். கேட்டா பத்து செடி இல்ல, கொல்லையவே எடுத்துக்கினு போவட்டும்."

உள்ளேயிருந்து உபகாரமேரியின் குரல் கேட்டது. "வந்தா வூட்டுக்குள்ளாற வரட்டும். வாசல்ல நின்னு பேசிட்டுப் போறவங்கள பாத்துப் பாத்து சலிச்சிப் போச்சி."

அடுத்த மாசம் இரண்டாம் வாரம் செடி பிடுங்கிவிடுவார். லீவு போட்டுக்கொண்டு வா. ஒரு நாள் போதும்.

தைலம்மாள்

கோயம்புத்தூர்
12-11-1987

அக்காவுக்கு,

ஒன்பதாம் தேதி இயக்குநர் கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்தார். எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இத்தனை வருஷம் உழைத்த ஒன்று பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய நேர்மை எத்தனை பேருக்கு வரும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். இனி நான் பாட்டிலில் வரும் ரசாயன மருந்துகளைச் சோதிக்கும் பிரிவில் இருப்பேன்.

மாமா ஜெயிலிலிருந்து வந்ததும் சொல், சந்தோஷப்படுவார்.

என் நிலைமை உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். இப்போது நான் ஊருக்கு வந்து, சேவியர்ராஜிடம் கேட்டு வாங்கி, அது வெளியே தெரிந்தால், அறிக்கை பொய் என்றாகும். உறைக்குள் இருந்த சீட்டும் பொய் என்றாகும். பயமாக இருக்கிறது அக்கா. அதோடு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நீ ஒன்று செய். அவர் கொல்லையும் நம் கொல்லையும் சேருகிற வரப்பு ஓரத்தில் இரண்டே இரண்டு செடி பிடுங்கி அனுப்பிவிடு. யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் இங்கே ரகசியமாகப் பிரித்து வைத்துக்கொள்கிறேன். நாலைந்து வருஷம் போனதும் வேறு பெயரில் கொண்டுவரலாம். கடைசியில் எல்லாருக்கும் நல்லதுதானே?

அன்பு

29-11-1987

அன்புச்செல்வனுக்கு,

நிரந்தரமானது தெரிந்தது. மாமா வெளியே வந்துவிட்டார், இளைத்துப் போயிருக்கிறார். உன் செய்தியைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, வண்டியை விட்டிருக்கலாம் என்றார்.

சேவியர்ராஜ் பத்தாம் தேதி செடி பிடுங்க ஆரம்பித்தார். நம் வரப்பை ஒட்டிய ஒரு வரிசையை மட்டும் பிடுங்காமல் விட்டார். மழை பிடித்துக்கொண்டது. பிடுங்காவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும் என்று நானே சொன்னேன். "முளைக்கட்டும்மா. தம்பிக்கு லீவு கெடைக்க ரெண்டு நாளு ஜாஸ்தி ஆவும்" என்றார்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அந்த வரப்பில்தான் நின்றேன். கொல்லையில் ஒருவரும் இல்லை. குனிந்தால் கைக்கு எட்டும். நீ எழுதியது சரிதான், யாருக்கும் தெரியாது. நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் பத்து நாள் அந்த வரிசை நின்றது. தினமும் கள்ளக்குறிச்சி பஸ் வருகிற நேரத்துக்கு அவர் கொல்லையில் இருப்பார். நேற்று என்னைப் பார்த்து, "தம்பி வரலியாம்மா?" என்று கேட்டார். வரமாட்டான் என்றேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். காய் எல்லாம் முளைத்துப் போயிருந்தது, ஒன்றுக்கும் ஆகவில்லை. செடியை மாட்டுக்குப் போட்டுவிட்டு, மண்ணைக் காலால் தள்ளிச் சமன் செய்துவிட்டுப் போனார்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எழுதத் தோன்றினால் சேவியர்ராஜுக்கு எழுது. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

தைலம்மாள்